பச்சை அட்டை

ஜுபைலில் என் வேலை
முகமில்லாத ஒருவனைச் சுவரில் ஒட்டுவது.
படியில் வழுக்குவான், மின்சாரம் தாக்கித் துள்ளுவான்,
கிரேன் கொக்கிக்கடியில் தலை குனிவான்.
கழிவறைக் கதவில் மட்டும்
கையைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்பான்.
பதினோரு மொழிக்காரர்களுக்கும் ஆள் ஒருவன்தான்.
வந்த புதிதில் எனக்கும் அவனே துணை.
எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று
அவன் குடித்துக் காட்டித்தான் தெரியும்.

நாங்களும் அதிகம் பேசுவதில்லை.
கட்டைவிரல் நிமிர்ந்தால் தூக்கு,
முஷ்டி மூடினால் நில்.
சாரத்தில் பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம்.
ராத்திரி அறைக்கு வந்தால்
மரகதவல்லி ஒரு சோற்றுத் தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருப்பாள்,
நானும் ஒரு தட்டை அனுப்புவேன்.
இரண்டு நீலக் குறி.
அன்றைய குடித்தனம் அவ்வளவு.

மொஃபிஜுல் விழுந்தது செவ்வாய், காலை ஒன்பதே கால்.
எதிர்ச் சுவரில் தலைக்கவசப் படத்துக்குள் மாட்டிய
காற்றுக் குமிழியை நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன்.
திரும்பியபோது மேலே பலகை ஆடிக்கொண்டிருந்தது,
ஆளைக் காணோம்.

இருபத்தேழு படம் எடுத்தார்கள்.
கொக்கி மாட்டாத அவன் பெல்ட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பச்சை அட்டையும் ஒன்றில் பளிச்சென்று விழுந்திருந்தது.
எல்லாம் உண்மை.
அந்தப் போனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது.

விசாரணை அறையில் ஷைஜு படிவத்தை நீட்டினான்.
அதிலும் நம்ம ஆள்!
முன்பக்கம் ஒருவன், பின்பக்கம் ஒருவன்.
அடிபட்ட இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும்.
இடுப்பில் போட்டேன். மை இறங்கவில்லை,
அதே இடத்தில் மறுபடி போட்டேன்.
கீழே நான்கு கோடு: எப்படி நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைக் காலால் தட்டி
"ஹில்தா ஹை" என்று சொன்னான் மொஃபிஜுல்.
ஆடுகிறது.
திங்களும் சொன்னான்.
"ஏறு, பச்சைதானே" என்றார் ஃபோர்மேன்.

இதற்கு என்ன படம்?
கிடங்கிலுள்ள நூற்று நாற்பது ஸ்டிக்கரையும்
மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன்.
தீ இருக்கிறது, அமிலம் இருக்கிறது, மண்டை ஓடுகூட இரண்டு அளவில் இருக்கிறது.
சொன்னான் இல்லை.
என்று இல்லை.
மூன்றே எழுத்து, தனியாக நின்றால் ஒரு பொருளும் கிடையாது.
ஆனால் ஒருவன் வாயிலிருந்து விழுந்ததை
இன்னொருவன் பிடித்து நிறுத்த
அதை விட்டால் வேறு கொக்கி கிடையாது.

ஆங்கிலத்தில் அவ்வளவு தூரம் எனக்கு மூச்சு வராது.
தமிழில் எழுதினேன்.
கோடு தீர்ந்தது, ஓரத்தில் எழுதினேன்,
நம்ம ஆளின் இரண்டு காலுக்கும் நடுவே
கடைசி 'என்று' போய் உட்கார்ந்தது.

ஷைஜு எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"படத்துலதான் எல்லாம் இருக்கே சேட்டா, இது வேணுமா?"
கொஞ்ச நேரம் கழித்து
"அடுத்த மாசம் உங்க இக்காமா புதுப்பிக்கணும், ஓர்மையுண்டா?"
ஓர்மை இருந்தது.
பேனாவை மூடி அவன் பையிலேயே செருகினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஒரு கட்டைவிரல், மஞ்சள் நிறம்.
நன்றியா, பிழைத்துவிட்டேனா, ஊருக்கு அனுப்புகிறார்களா?
பெரிதாக்கிப் பார்த்தேன், விரல்தான் பெரிதானது.
"லிக்கோ" என்று அனுப்பினேன்.
எழுது.
மதியத்துக்கு மேல் வங்காளத்தில் ஒன்பது வரி வந்தது,
கொடியில் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கும் எழுத்து.

பகாலா அனிசுரிடம் போனை நீட்டினேன்.
லெபன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு
உதடு அசைய வாசித்தான்.
முடிந்ததும் திரும்ப மேலே போனான்.
எனக்குச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது அவனுக்கு.
பிறகு நிமிர்ந்து,
"ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டான்.